பென்ஷன் அப்புச்சியும் டென்ஷன் பேரனும்

பென்ஷன்காரர்களைத் திட்டுவது இப்போது ஃபேஷன். 'வேலை செய்யாமல் வாங்குகிறார்கள்' என்று இளவட்டம் பொருமுகிறது. 'இந்தக் காலத்துப் பசங்களுக்குச் சேமிக்கத் தெரியலை' என்று பெரிசுகள் அலுத்துக்கொள்கின்றன.

வெள்ளகோவில் மாதிரி விசைத்தறி ஊர்களில் இது டீக்கடைப் பட்டிமன்றம். ரிட்டயர்டு வாத்தியார் ஆரம்பிப்பார்: "ஏங்கண்ணு, மாசம் ஐந்நூறாவது சேத்தி வெக்கறயா? உங்கையில காசே நிக்கறதில்லையே!"

தறிக்குப் போகும் பையன் விடுவானா? "வாத்தியாரய்யா, நீங்க உக்காந்து வாங்கறதை நான் ஓடியாடியும் வாங்க முடியறதில்லீங்க. இதுல எங்கீங்க சேக்கறது?"

பெஞ்ச் சிரிக்கும். டீக்கடைக்காரர் சிரிக்க மாட்டார். வாத்தியார் கணக்கு மாசாமாசம் தீர்ந்துவிடும். பையன் கணக்குதான் நோட்டில் பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது.

கணக்கு என்று வந்தபிறகு பி.காம். படித்தவன் சும்மா இருக்கலாமா?

வாத்தியாருடைய பழைய பென்ஷன், கடைசிச் சம்பளத்தில் பாதி. விலைவாசி ஏறினால் அகவிலைப்படியும் ஏறும். 80 வயதானால் 20 சதவிகிதம் கூடுதல். செஞ்சுரி போட்டால் டபுள்! ஆயுசுக்கு போனஸ் தரும் ஒரே முதலாளி அரசாங்கம்தான்.

பி.எஃப். பிடிக்கும் கம்பெனிக்குப் போன பையனுக்கு? 2014 செப்டம்பரில் வைத்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி, சம்பளம் 25,000 ஆனாலும் பென்ஷன் கணக்குக்கு 15,000தான். அதை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி, 70-ஆல் வகுக்க வேண்டும். முப்பது வருஷம் உழைத்தவருக்கு இரண்டு வருஷம் சலுகையும் சேர்த்து 6,857 ரூபாய். அகவிலைப்படியா? அப்படீன்னா என்னங்க?

தறிப் பையனுக்கு அதுவும் இல்லை. 20 பேருக்குக் குறைவான தறிக்கூடத்தை பி.எஃப். சட்டம் கட்டாயப்படுத்தாது. கூலி மீட்டர் கணக்கு. கரண்ட் போனால் கூலியும் போச்சு. ஆனால் அவன் செல்போன் ரீசார்ஜ் செய்தால் 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. உண்டு. வாத்தியார் பென்ஷனில் அவன் பைசாவும் இருக்கிறது. பையன் பேச்சில் நியாயம் இருக்கிறதா, இல்லையா?

அதற்காக வாத்தியாரை வில்லன் ஆக்கிவிடாதீர்கள். 1982-ல் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பென்ஷன் தர்மமல்ல, உரிமை. ரிட்டயரான தேதியை வைத்து பென்ஷன்காரர்களை இரண்டாகப் பிரிப்பதும் கூடாது என்றது.

சரி, சேர்ந்த தேதியை வைத்துப் பிரிக்கலாமே என்று அரசாங்கம் யோசித்ததோ என்னவோ! 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேர்ந்தவர்களைத் தமிழக அரசு பங்களிப்பு பென்ஷனுக்குத் தள்ளியது. மார்ச் 31-ல் சேர்ந்தவருக்குப் பாதிச் சம்பளம். மறுநாள் சேர்ந்தவருக்கு, போட்ட காசுக்கு ஏற்றது. தேதியையாவது மாற்றி வைத்திருக்கலாம். முட்டாள்கள் தினம்!

அந்த 'ஏப்ரல்' ஊழியர்கள் சும்மா இருக்கவில்லை. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ ஸ்டிரைக்கில் பள்ளிக்கூடங்களே ஸ்தம்பித்தன. சஸ்பெண்ட், கைது எல்லாம் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசின் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் வந்தது. 25 வருஷம் சர்வீஸ் போட்டால் பாதிச் சம்பளம் நிச்சயம். 2026 ஜனவரியில் தமிழக அரசும் உறுதி பென்ஷனை அறிவித்தது. அங்கேயும் அதே பாதிச் சம்பளம்தான். சங்கம் வைத்தவனுக்கு அரசாங்கத்தின் காது கேட்கிறது.

தறிப் பையனுக்கு ஒரு வார்த்தை. நீ வாத்தியாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது வேஸ்ட். நாற்பது வருஷம் தறி ஓட்டி, காது மந்தமாகி, ஓரமாக உட்கார்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், அவரைப் பார். அவரும் பெரிசுதான், பென்ஷன்காரர் அல்ல. முதியோர் உதவித்தொகையை 2023-ல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். நாளைக்கு நாற்பது ரூபாய்! நாற்பது வருஷம் கழித்து நீ உட்காரப்போவது வாத்தியார் பக்கத்தில் அல்ல தம்பி, அவர் இடத்தில். வாத்தியார் பென்ஷனை வெட்டினால் அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கூடப்போவதில்லை. கேட்க வேண்டியது, 'எனக்கு எங்கே?' என்றுதான். அதையும் தனியாகக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

வாத்தியாரய்யாக்களே, உங்களுக்கும் ஒன்று. சேமிப்பு உபதேசம் போதும். அகவிலைப்படி பாக்கிக்கு மனு எழுதிப் பழகிய கை உங்களுடையது. அதே கையெழுத்தில் அந்தப் பையனுக்கும் ஒரு மனு எழுதிக் கொடுங்களேன்!