பத்து ரூபாயும் ஒரு பழைய சேலையும்

குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் ஏறி வரும் என் மாணவிகளுக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயர் தெரியும். அக்காவுக்குத் தாலிக்குத் தங்கம் கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் இருந்த பெயர். மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்திலும் அதே பெயர்தான். அவர் நாவல் எழுதியவர் என்றால் மட்டும் ஆச்சரியப்படுகிறார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. 1936இல் வெளிவந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவலை நம் தமிழ்த்துறைகள் 'பிரச்சாரம்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடி வைத்துவிட்டன.

எழுதியவர் யார் என்பதிலிருந்து தொடங்கலாம். 1883இல் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே, வறுமை தாளாத தாய் அவரைப் பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் ஒரு தாசியிடம் விற்றார். அடிமைத்தனத்துக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம் சொல்லி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் இந்த விற்பனைக்குப் பெயர் தத்து. தேவதாசிகளுக்குச் சொத்துரிமை இருந்ததே, அவர்களை அடிமைகள் எனலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் முத்துலட்சுமி ரெட்டியின் மசோதாவை எதிர்த்ததும் உண்மை. ஆனால் தாசி என்ற அந்த ஒரே சொல்லுக்குள் வாங்கியவளும் இருந்தாள், வாங்கப்பட்டவளும் இருந்தாள்.

வாங்கப்பட்டவள் எழுதிய நாவல் இது. காந்தா, கானவதி என்ற சகோதரிகள் மைனர்களை மயக்கும் தந்திரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. தலைப்பு எனக்கும் உறுத்துகிறது. மைனர் மதி பெறுகிறான், வலை மட்டும் தாசிகளுடையதாகிறது. ஆனால் நிதானமாகப் படித்தால், அந்தத் தந்திரங்கள் எதுவும் பிறவிக்குணமாகக் காட்டப்படவில்லை. எப்போது அழுவது, எப்போது ஊடுவது, எதைக் கேட்டு வாங்குவது என எல்லாம் தாய்க்கிழவி சொல்லிக் கொடுத்த பாடம். பெண் அங்கே முதலீடு. பண்டமாக இருந்த ஒருவரால்தான் இந்தக் கடைக்கணக்கை இவ்வளவு துல்லியமாக எழுத முடியும்.

அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பிய ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் தன் கதையை 'நான்' என்றே எழுதினார், புனைபெயரில். நம் அம்மையார் சொந்தப் பெயரைப் போட்டார், 'நான்' என்பதை விட்டுவிட்டார். தன் வாழ்வைத் தொழிலை உதறும் பெண்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். ஒருத்தி தப்பிய கதையாகச் சுருங்கிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார் என்பது என் வாசிப்பு. 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தைந்து. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது.

எனக்கு அவரோடு ஒரு வழக்கு உண்டு. பாட்டும் ஆட்டமும் கற்றவர் அவர். கற்றுக்கொடுத்த சுயம்பு பிள்ளையையே மணந்தார். நாவலிலோ கலை வெறும் தூண்டில் இரை. நாவல் வந்த அதே 1936இல் சென்னையில் கலாக்ஷேத்ரா தொடங்கியது. இன்று சிவராத்திரிக்குச் சிதம்பரம் நாட்டியாஞ்சலியில் ஆடுபவர்களில் அந்தத் தாசி வீடுகளின் பேத்திகள் எத்தனை பேர்? கலையை வைத்துக்கொண்டு விற்பனையை மட்டும் ஒழிக்க வழி இருந்ததா என்று அந்த நாவல் யோசிப்பதில்லை. விற்கப்பட்டவரிடம் போய் அதைக் கேட்கவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.