சி.இ.யூ. என்றால் கொட்டாவியா? இங்கே வந்து பாருங்கள்!

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள், இனி நீங்கள்தான் மாட்டினீர்கள்! நியூ ஜெர்சியில் ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்கிற நடத்தைப் பகுப்பாய்வாளர் நான். எங்கள் வட்டாரத்தில் பி.சி.பி.ஏ. என்பார்கள். சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியதோடு முடிகிற சமாச்சாரம் இல்லை இது. 1998-ல் தொடங்கிய பி.ஏ.சி.பி. என்கிற சான்றளிப்பு வாரியம், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கச் சொல்கிறது. அதற்கு 32 சி.இ.யூ., அதாவது தொடர்கல்வி அலகுகள், சேர்க்க வேண்டும். 50 நிமிஷம் படித்தால் ஒன்று. அதில் 4 நெறிமுறைகளுக்கு. மற்றவர்களை மேற்பார்வை செய்கிறவர் என்றால் 3 அதற்கு. எல்லாம் கூட்டினால் 27 மணி நேரம்கூட வராது. அதையும் பலர் வருமான வரி கட்டுகிற முகத்தோடுதான் முடிப்பார்கள். நான் துள்ளிக்கொண்டு போவேன். இந்த முறை போன பயிற்சி இருக்கிறதே, அடடா!

எடிசனில் ஒரு ஹோட்டல் அரங்கம், சனிக்கிழமை காலை. பதிவு மேஜையில் பெயர் அட்டைகளை அடுக்கி முடிக்கும் முன்பே போய் நின்றுவிட்டேன். முன்வரிசை நாற்காலி கிடைத்தபோது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பக்கத்தில் ஒரு அக்கா, பேச்சில் மதுரை மணக்கிறது. "என்னம்மா, முதல் நாள் முதல் ஷோவா?" என்றார். ஆமாம் அக்கா, அதேதான்!

பயிற்சியாளர் அம்மா வந்தார். திரையைப் போடவே இல்லை. "உங்களுக்கு ரொம்பச் சவாலான குழந்தையை மனதில் கொண்டுவாருங்கள்" என்றார். கொண்டுவந்தோம். "அந்தக் குழந்தை எதற்கு வாய்விட்டுச் சிரிக்கும்?" என்றார். அரங்கமே அமைதி! எத்தனை தடவை அடித்தான், எத்தனை நிமிஷம் அழுதான் என்று பக்கம் பக்கமாக டேட்டா வைத்திருக்கிற கூட்டம் அது. சிரிப்புக்கு என்ன டேட்டா இருக்கிறது? எனக்கு அங்கேயே புல்லரித்துவிட்டது.

பிறகு கதை வேகமெடுத்தது. ஒரு குழந்தை தன்னைத்தானே அடித்துக்கொண்டால், அதை எப்படி நிறுத்துவது என்று பாயாமல், அதனால் அந்தக் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் பிரையன் இவாட்டாவும் அவர் குழுவும், 1982-ல். அடிப்பதால் கிடைப்பதைக் கேட்டே வாங்கக் கற்றுக்கொடுத்தால் அடி குறைகிறது என்று கார், டுரண்ட் என்கிற ஆய்வாளர்கள் இருவரும் 1985-ல் காட்டினார்கள். கிரெகரி ஹேன்லி குழு 2014-ல் ஒரு படி மேலே போனது. முதலில் பெற்றோரோடு மனம்விட்டுப் பேசு, குழந்தைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேள், அந்தப் பிடித்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்து அங்கிருந்து பாடத்தைத் தொடங்கு. இதையெல்லாம் நான் படித்தவள்தான். ஆனால் படிப்பது வேறு, உடம்பில் ஏறுவது வேறு என்று மத்தியானத்துக்குள் தெரிந்துபோனது.

ஏனென்றால் அடுத்தது ரோல் ப்ளே! அக்கா தெரபிஸ்ட், நான் குழந்தை. கற்பனை பண்ணிப் பாருங்கள், கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், கையில் மர ரயில், சின்னச் சிவப்பு எஞ்சின், சக்கரம் உருளும்போது கடகட என்று ஒரு சத்தம், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்துப்போகிறது, அக்காவும் கூடவே தண்டவாளம் அடுக்குகிறார், ஒரு கேள்வி இல்லை, ஒரு கட்டளை இல்லை, உலகமே என் பக்கம். அப்போது அக்கா மெதுவாக, "ரயிலை வெச்சிட்டு இங்க வா" என்கிறார். நம்புவீர்களா, நடிப்பு என்று தெரிந்தும் என் கை தானாக எஞ்சினை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது! "அதுதான், அந்த அணைப்புதான்!" என்று பயிற்சியாளர் அம்மா பக்கத்தில் மண்டியிட்டுச் சொன்னார். "கத்துகிறவரை காத்திருக்காதீர்கள். இந்தச் சின்ன அறிகுறிக்கே திருப்பிக் கொடுங்கள்." கொடுத்தார்கள், ரயில், தண்டவாளம், அக்காவின் கவனம், எல்லாம் சேர்த்து. அடுத்த சுற்றில் "மை வே", அதாவது 'என் இஷ்டப்படி', என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டேன், உடனே கிடைத்தது. திரும்பக் கேட்டேன், திரும்பக் கிடைத்தது. அப்புறம்தான், நன்றாகக் கேட்கத் தெரிந்த பிறகுதான், சில தடவை மட்டும் "இப்போ இல்லைம்மா" என்று ஒரு பதில் வந்தது. அதற்கு மூச்சை இழுத்து "ஓகே" சொல்ல வேண்டும், சொன்னதும் ரயில் வந்துவிடும். அதற்கப்புறம் சின்னச் சின்ன வேலை, ஒரு தடவை ஒன்றுமே இல்லை, ஒரு தடவை ஒன்று, இன்னொரு தடவை நாலைந்து, எப்போது எத்தனை என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டால் கிடைக்கும் என்று தெரியும், அந்தத் தெரிதல் இருக்கிறதே, அது வயிற்றில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிடுகிறது! இத்தனைக்கும் அறைக் கதவு திறந்தே இருக்கிறது. பயிற்சி செய்யலாம், சும்மா விளையாடிக்கொண்டிருக்கலாம், வேண்டாமென்றால் கிளம்பிப் போகலாம், மூன்றும் குழந்தையின் இஷ்டம். ராஜாராமன், ஹேன்லி குழு 2022-ல் இந்த முறையை ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள். போகலாம் என்று எனக்குச் சொன்னார்கள். நான் போகவில்லை. போகத் தோன்றவே இல்லை! இருக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தாத அறையில் இருப்பது அவ்வளவு சுகமாக இருந்தது, பெரிய மனுஷி கம்பளத்தில் உட்கார்ந்து கண் கலங்கிவிட்டேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

சாப்பாடு? காய்ந்த சாண்ட்விச். ஏ.சி. கொஞ்சம் ஓவர். அதை யார் கவனித்தார்கள்!

மத்தியானம் நெறிமுறை அமர்வு. 2022 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த எங்கள் நெறிமுறைத் தொகுப்பில் பெற்றோரின் ஒப்புதலோடு, பொருந்துகிற இடங்களில், குழந்தையின் சம்மதமும் சேர்ந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச வந்தவர் ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவர். கையில் ஒரு சின்னச் சுருள் கம்பி, பேசப் பேச விரல்கள் அதை உருட்டிக்கொண்டே இருந்தன. சின்ன வயதில் கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லிப் பழக்கினார்களாம். "பார்ப்பதிலேயே என் சக்தியெல்லாம் போய்விடும். எதிரில் இருப்பவர் சொன்னது ஒன்றும் காதில் ஏறாது" என்றார். எங்கள் துறையைப் பார்த்து நேராகச் சொன்ன வார்த்தை அது. அரங்கம் ஆடாமல் அசையாமல் கேட்டது. முடித்ததும் யாரும் கை தட்டவில்லை, ஏனென்றால் அந்தச் சத்தம் அவருக்கு ஆகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதிலாக அத்தனை பேரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினோம். அரங்கம் முழுக்கச் சத்தமில்லாமல் கைகள் அசைகின்றன, மேடையில் அவர் சிரிக்கிறார். இந்தத் தொழிலுக்கு வந்ததற்காக நான் இவ்வளவு பெருமைப்பட்ட நேரம் வேறு கிடையாது!

திங்கட்கிழமைக்காக எப்படித் தவித்தேன் தெரியுமா? நான் பார்க்கிற பையன் ஒருவன், வாய்ப்பேச்சு இல்லை, டேப்லெட்டில் பொத்தானை அமுக்கிப் பேசுவான். அதில் "மை வே" என்று ஒரு பொத்தான் சேர்த்தோம். அமுக்கினான். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு அவன் வழிக்கே போனேன். சந்தேகமாக ஒரு பார்வை. மறுபடி அமுக்கினான். மறுபடி போனேன். அப்புறம் அந்தப் பொத்தானை அவன் அமுக்கு அமுக்கு என்று அமுக்கிய அழகு! ஒவ்வொரு தடவையும் நடக்கிறதா என்று பார்க்கிறான், நடக்கிறது, குதிக்கிறான், நானும் கூடவே குதிக்கிறேன்! அந்தப் பயிற்சியில் கொட்டின டாலர் ஒவ்வொன்றும் அங்கேயே வசூலாகிவிட்டது.

சென்னையில் இதே துறையில் இருக்கிற தோழியிடம் அன்றிரவே போனில் கொட்டித் தீர்த்தேன். 2023-லிருந்து இந்தியாவிலிருந்து புதிதாக பி.சி.பி.ஏ. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வழியில்லை. அவள் அசரவில்லை. "பட்டம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, அந்த ரயில் விளையாட்டை எனக்கும் சொல்லிக் கொடுடி" என்றாள். வீடியோவில் உட்கார வைத்துச் செய்தே காட்டினேன்.

அதனால் என் தொழில்காரர்களே, கெஞ்சிக் கேட்கிறேன், கணினியில் எதையோ ஓடவிட்டு, கடைசியில் நாலு கேள்விக்கு 'டிக்' அடித்து சி.இ.யூ. சேர்க்காதீர்கள். கம்பளத்தில் உட்கார வைக்கிற வகுப்பாகத் தேடுங்கள், ஆட்டிசம் உள்ளவரே மேடையேறுகிற வகுப்பாகத் தேடுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் தெரபிஸ்ட்டைக் கூச்சப்படாமல் கேளுங்கள், சமீபத்தில் புதிதாக என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று. என்னைக் கேட்டால் மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்கிக்கொண்டு கேளுங்கள், ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து நான் விடமாட்டேன்!