சம்மதம் வாங்கிய சிரிப்பு

பகடி என்றாலே கலகம் என்று எழுதிப் பழகிவிட்டோம், நானும்தான். ஜப்பானின் 'காயேஉதா' என்னைத் தயங்க வைக்கிறது. தெரிந்த மெட்டு, மாற்றிய வார்த்தை: அவ்வளவுதான் அது.

புராணப் பேரரசர் ஜிம்மு அரியணை ஏறிய 2600ஆம் ஆண்டென்று 1940இல் அரசுத் தரப்பு ஒரு பாட்டைப் பரப்பியது. அதில் மின்னிய பொன்பருந்து 'கின்ஷி', ஒரு சிகரெட்டின் பெயரும்கூட. விலை ஏறியதும் சனங்கள் அதே மெட்டில் சிகரெட் விலைப்பட்டியலைப் பாடினார்கள். யார் எழுதினது? ஊரே எழுதினது.

1991இல் காமோன் தட்சுவோவின் 'காயேஉதா மெட்லே' பெரும் வெற்றி. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென்று விலக்கு கிடையாது. உரியவர்களிடம் சம்மதம் வாங்கித்தான் கேலி பண்ணணும். சிரிப்பு வரத்தான் செய்யுது. ஆனால் சம்மதிக்காத அதிகாரத்தை அது எப்படித் தொடும்? யாரைக் கேட்காமல் பாடினோம் என்பதை வைத்தே கலகத்தை அளக்க வேண்டும்.