முதலில் ஹெட்போனைக் கேட்டு வாங்குங்கள்

ஹாம் ரேடியோ கழகத்துக்கு முதல்முறை போகிறவரின் கண் மைக்கின்மேல்தான் இருக்கும். அதில் பேச உரிமம் வேண்டும். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேற வேண்டும். 12 வயது நிறைந்தவர் எவரும் எழுதலாம். ஆனால் கேட்பதற்கு உரிமம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தக் கலையில் முக்கால் பங்கு காதுக்குத்தான் வேலை.

டெல்லியில் கேட்கத் தொடங்க நல்ல நேரம், பொழுது சாயும் நேரம். 7 மெகாஹெர்ட்ஸ், அதாவது 40 மீட்டர் அலைவரிசையில் உட்காருங்கள். பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பக்கத்து மாநிலக் குரல்கள்தான் கிடைக்கும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கரைகிறது. மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலைகள் கடல் தாண்டி வரத் தொடங்கும். முதலில் வெறும் இரைச்சல். அதில் பாதி, அக்கம்பக்கத்து இன்வெர்ட்டரும் எல்இடி விளக்கும் தருவது. பொறுமையாகக் குமிழைத் திருப்புங்கள். பேசுபவரின் அழைப்புக்குறி ‘வி-யு-2’ என்று தொடங்கினால் நம் நாட்டுக்காரர். ‘4-எஸ்-7’ என்றால் இலங்கை. ‘9-வி-1’ சிங்கப்பூர். இந்த முன்னொட்டுகள் பிடிபட்டதும் இரைச்சலுக்குள் ஒரு தேசப்படமே விரியும். குரல் மெலிந்து, மறைந்து, மறுபடி பொங்கி வருவதை ‘க்யூ-எஸ்-பி’ என்பார்கள். எனக்கு இதில் மிகப் பிடித்தது அதுதான். வானம் மூச்சுவிடுவதைக் காதால் கேட்பது அது.

கேட்கப் பழகிய காது எதற்கு உதவும் என்பதற்கு டெல்லியிலேயே சான்று இருக்கிறது. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத், பல ஆண்டுகள் முயன்று அனுமதி பெற்று, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போனார். அப்போது அங்கிருந்து அபூர்வமாகவே ஹாம் ஒலி எழும். அதனால் ‘வி-யு-4-ஆர்-பி-ஐ’ என்ற அவர் அழைப்புக்குறியைப் பிடிக்க உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் கூப்பிட்டது. இந்த நெரிசலை ‘பைல்-அப்’ என்பார்கள். அதில் ஒரே ஒரு குரலைப் பிரித்தெடுத்துப் பதில் சொல்வது பெரிய வித்தை. டிசம்பர் 26 காலை ஆறரை மணி சுமாருக்கு நிலம் குலுங்கியது, பின்னாலேயே சுனாமி. தொலைபேசிகள் ஓய்ந்த தீவில் அந்த ஹாம் நிலையம் உயிர்நாடி ஆனது. உறவினர் நிலை தெரியாமல் தவித்தவர்களுக்கு அதன் வழியாகச் செய்தி போனது. குழுவினர் சிலர் கார் நிக்கோபாருக்கும் ரேடியோ கொண்டுபோனார்கள். விளையாட்டாகத் தீட்டிய காது, ஒரே காலையில் மீட்புப் பணிக்கு வந்தது.

இதை மனத்தில் வைத்துக் கழகத்தின் ‘நெட்’டைக் கேளுங்கள். குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் கூடுவார்கள்; நடத்துபவர் கூப்பிட்டால்தான் ஒருவர் வாய் திறப்பார். வெளியாளுக்கு இது வெறும் வருகைப்பதிவாகத் தோன்றும். உண்மையில் நெருக்கடி நாளுக்கான ஒத்திகை. யார் சுருக்கமாகப் பேசுகிறார், யார் மெலிந்த குரலுக்கு இடம்விட்டு ஒதுங்குகிறார் என்று கவனியுங்கள். நல்ல ஆபரேட்டரை அவர் மௌனத்தில் அடையாளம் காணலாம்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் நகரத்துக்கு மேலே கடக்கும் நாளில், அங்கிருந்து வரும் ஒலியைக் கேட்க 145.800 மெகாஹெர்ட்ஸையும் முயன்று பாருங்கள். பத்து நிமிடம்கூடக் கிடைக்காது, கிடைத்தால் மறக்காது.

கழகத்தில் ஒட்டிக்கொள்ள நான் கண்ட வழி மொட்டைமாடிதான். 40 மீட்டருக்கான அரை அலை ஆன்டெனா, பக்கத்துக்குப் பத்து மீட்டராக இருபது மீட்டர் நீளக் கம்பி. டெல்லி அடுக்குமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் டிஷ்களுக்கும் இடையே அதைக் கட்ட நாலு பேராவது வேண்டும். எவ்வளவு உயரம், எந்தப் பக்கம், மின்கம்பி எங்கே என்று மூத்தவர்கள் சொல்லிக்கொடுப்பது அங்கேதான். அடுத்த கூட்டத்தில் மைக்கைக் கேட்காதீர்கள். கயிறு பிடிக்க ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.