சத்தமில்லாத நீரூற்று

நாடகத் தோட்டக் காட்சியில் ஒரு குட்டி நீரூற்று. தண்ணீர் தெரிய வேண்டும், மோட்டார் கேட்கக் கூடாது. விவரமான மேடைக்காரர் ஏர்கூலர் பம்பைத்தான் எடுப்பார். அதன் மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. பொறி தெறித்து மைக்கில் கரகரப்பு ஏறாது. தொட்டிக்கு அடியில் கனத்த ஸ்பாஞ்ச். இல்லாவிட்டால் பலகை மேடை மிருதங்கமாகிவிடும். பம்புக்குத் தனி லைன், அதில் மின்கசிவு வந்தால் துண்டிக்கும் ஈஎல்சிபி கட்டாயம். விளக்கு டிம்மரில் செருகுவது பாவம்! மைக் ஒயர் பம்பு ஒயரைக் குறுக்காகத்தான் தாண்டும். பக்கத்திலேயே ஓடினால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு தண்ணீர் விழும் சளசளப்பு மிஞ்சும். விழுகிற இடத்தில் ஒரு பிடி தேங்காய்நார் வைத்தால் அதுவும் அடங்கும். எனக்கு மிகவும் பிடித்தது இந்த நார் வேலைதான். இடைவேளையில் மேடைக்காரர் தொட்டியை எட்டிப் பார்ப்பார். மட்டம் இறங்கினால் பம்பு காற்றை இழுத்து உறுமும். ஒரு சொம்பு ஊற்றினால் போதும்.