நெடுமொழியிலிருந்து நெஞ்சொடு கிளத்தலுக்கு

தமிழ்ப் புறப்பாடல் மரபில் 'நெடுமொழி' என்றொரு வழக்கு உண்டு. போர்க்களம் புகும் வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பது அது. கேட்போர் திரண்டிருக்க, குரல் உயர, 'நான்' என்னும் சொல் நிமிர்ந்து நிற்கும். இதற்கு நேர்மாறானது அகமரபில் வரும் 'நெஞ்சொடு கிளத்தல்'. திருக்குறளின் 125ஆம் அதிகாரத்திற்கு இதுவே பெயர். பிரிவாற்றாத தலைவி, கேட்பார் ஒருவரும் இல்லாத நிலையில், தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி அதனோடு வழக்காடுகிறாள். நெடுமொழியில் 'நான்' என்பது விடை. நெஞ்சொடு கிளத்தலில் அதுவே வினா.

'ஹிப்ஹாப் தமிழா' என்னும் பெயரில் இயங்கிவரும் ஆதி, ஜீவா இருவரின் இசைப் பயணத்தை இவ்விரு வழக்குகளுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கொண்டு அளந்து பார்க்கலாம் என்று தோன்றுகிறது. 2012இல் வெளிவந்த 'ஹிப் ஹாப் தமிழன்' அவர்களுடைய நெடுமொழி. 2020இல் வெளிவந்த 'நான் ஒரு ஏலியன்' அவர்கள் தம் நெஞ்சோடு பேச முயன்ற தொகுப்பு. பின்னது வெளிவந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளியீட்டு நாளின் ஆரவாரமும் ஏளனமும் அடங்கிய பிறகு அதனை அமைதியாகக் கேட்டு எடைபோடுவது பயனுடையதாக இருக்கும்.

ராப் என்பது இசையோடு இயைந்த வேகப் பேச்சு. 1973 ஆகஸ்டில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் நடத்திய ஒரு விருந்தையே ஹிப்ஹாப்பின் பிறப்பாகக் கொள்வது வழக்கம். வறுமையிலும் புறக்கணிப்பிலும் வளர்ந்த கறுப்பின இளைஞர்களுக்குத் தற்பெருமை என்பது வெறும் செருக்கன்று. 'நீ ஒன்றுமில்லை' என்று உலகம் சொல்லும்போது 'நான் இருக்கிறேன்' என்று கூறும் மறுமொழி அது. தமிழ்த் திரையில் அதன் சாயல் 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்ட ராப்' வழியாகப் பரவலாக அறிமுகமாயிற்று. எனினும் அதனைத் தனிக் கலையாகத் தமிழில் வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். 'பொயட்டிக் அம்மோ' குழுவில் தொடங்கிய யோகி பி, 'நட்சத்ரா' குழுவினருடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, தமிழகத்து இளைஞர் பலருக்கு அரிச்சுவடியாக அமைந்தது.

அந்த அரிச்சுவடி கோவைக்கு வந்தபோது அதற்கு இயல்பான நிலம் கிடைத்தது. 1888இல் முதல் பஞ்சாலையைக் கண்டு, 1930களில் பைக்காரா மின்சாரத்தால் விரிந்த நகரம் இது. சிறு பட்டறையில் தொடங்கிச் சொந்தமாகத் தொழில் வளர்ப்பது கொங்கு மண்ணின் பழக்கம். பக்திப் பாடல்களையும் கட்சிப் பாடல்களையும் நீக்கிவிட்டால், திரைப்படத்தில் இடம்பெறாத பாடலுக்குத் தமிழ்நாட்டில் கேட்போர் அரிது என்றிருந்த காலத்தில், கோவையில் பிறந்த ஆதி தம் நண்பர் ஜீவாவுடன் இணையத்தையே சந்தையாகக் கொண்டு பாடல்களை வெளியிட்டார். இசையைத் தொழில்முனைவாகக் காணும் இந்நோக்கு அவரிடம் ஆய்வுப் பொருளாகவும் வளர்ந்தது. 2023இல் அத்துறையிலேயே பாரதியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

முதல் தொகுப்பின் வலிமையையும் குறையையும் அறிய யாப்பின் பக்கம் சற்றே செல்ல வேண்டும். ஆங்கில ராப் பெரிதும் அடியின் இறுதி ஒலியை நம்பி நடப்பது. நம் இலக்கணத்தில் அதற்கு இயைபு என்று பெயர். ஆனால் தமிழில் இயைபு மிக மலிவானது. வந்தேன், நின்றேன், வென்றேன் என வினைமுற்றுகள் தாமாகவே ஒன்றிவிடும். புலவனுக்கு அங்கே உழைப்பில்லை. அதனாலேயே நம் முன்னோர், சீரின் இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகைக்கும் முதலெழுத்து ஒன்றும் மோனைக்கும் முதன்மை தந்தனர். தமிழில் ராப் பாடுவோர் பலர் வினைமுற்றின் மலிவான ஒலியிலேயே நின்றுவிடுகின்றனர். ஆதியின் நல்ல பாடல்களில் எதுகையும் மோனையும் தாளத்தின் அடியில் விழுவதைக் கேட்கலாம். உடுக்கை ஒலியோடு அண்ணன்மார் கதையை இரவு முழுதும் பாடிக் கேட்ட கொங்கு நாட்டில், சொல்லும் தாளமும் கூடிய கதைப்பாட்டு புதியதன்று. செவிக்கு அது முன்பே பழகியிருந்தது.

வடிவம் கைவந்த இடத்தில் பொருள் தடுமாறியது. அவர்களுக்குப் பெரும் பெயர் ஈட்டித் தந்த 'கிளப்புல மப்புல' பாடல், கேளிக்கை விடுதிக்குச் செல்லும் பெண்ணைப் பழித்துப் பேசுவது. அது பெண்களை இழிவுபடுத்துகிறது என்ற கண்டனம் அன்றே எழுந்தது. கண்டனம் நியாயமானது. இவர்களுடைய இலச்சினை பாரதியின் முண்டாசையும் மீசையையும் நினைவூட்டுவது. 1912இல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பகுதியை வெளியிட்டு, புதுமைப் பெண்ணைப் பாடி வரவேற்ற கவிஞரின் மீசையை முகப்பில் வைத்துக்கொண்டு, பெண்ணின் நடையுடைக்கு எல்லை வகுப்பது பொருந்தாது. நெடுமொழியின் ஆபத்து இதுவே. வலியவனுக்கு எதிராக எழுந்த குரல், எதிரி அகப்படாதபோது எளியவரை நோக்கித் திரும்பிவிடுகிறது. பண்பாட்டைக் காப்பதாக அது தன்னையே நம்பச் செய்துகொள்கிறது.

பின்னர் வளர்ச்சி விரைவாக வந்தது. 2015ஆம் ஆண்டிலேயே 'ஆம்பள', 'இன்று நேற்று நாளை', 'தனி ஒருவன்' ஆகிய படங்களுக்கு இருவரும் இசையமைத்தனர். 2017இல் ஆதியே இயக்கி நடித்த 'மீசைய முறுக்கு', கோவைக் கல்லூரி வாழ்வையும் ஓர் இசைக்கலைஞனின் போராட்டத்தையும் தன் வரலாற்றுச் சாயலோடு சொன்னது.

அவ்வாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே மறத்தலாகாது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டு உரிமைக்காகத் தமிழகமெங்கும் மாணவர் திரண்டபோது, இவர்களுடைய 'டக்கரு டக்கரு' பாடல் அவர்கள் நாவில் இருந்தது. ஆனால் போராட்டம் முடியும் முன்பே, சல்லிக்கட்டுக்குத் தொடர்பற்ற முழக்கங்கள் கலந்துவிட்டன என்று கூறி ஆதி ஒரு காணொளி வழியாக விலகிக்கொண்டார். சிலர் அதனைப் பொறுப்புணர்வு என்றனர். பலர் கைவிட்டுச் சென்றுவிட்டார் என்றனர். எது சரி என்பது இங்கே நம் ஆய்வன்று. தோளில் தூக்கிய கூட்டமே தூற்றவும் செய்யும் என்பதை ஓர் இளம் கலைஞன் கண்கூடாகக் கண்டான் என்பதே நமக்கு வேண்டியது. கூட்டத்தின் முன் நின்று கூறப்படும் நெடுமொழி அதற்குப் பின் முன்போல் எளிதாக வாய்க்காது.

'நான் ஒரு ஏலியன்' இந்த இடத்திலிருந்துதான் பிறக்கிறது. இரு தொகுப்புகளின் தலைப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது 'தமிழன்' என்று இனத்தோடு தன்னைப் பிணைக்கிறது. இரண்டாவது 'நான் வேற்றுக் கோளினன், இங்கே அந்நியன்' என்று விலகி நிற்கிறது. பெருநோய்த் தொற்றின் ஊரடங்கால் மேடைகளும் திரையரங்குகளும் மூடிக்கிடந்த 2020இல், திரைக்கதையின் தேவைக்காக எழுதப்படாத பாடல்களாக இவை வந்தன. கதாநாயகனின் அறிமுகத்திற்குப் பாட்டெழுதும் கட்டாயம் இல்லாதபோது 'நான்' என்னும் சொல் வேறு பொருள் கொள்வதைக் கேட்க முடிகிறது.

இத்தொகுப்பின் 'நெட்ட தொறந்தா' என்னும் பாடல், இணையத்தைத் திறந்ததும் எதிர்ப்படும் இரைச்சலைப் பொருளாகக் கொண்டது. எவரும் எவரையும் நொடியில் ஏற்றிவைத்து, அடுத்த நொடியில் இறக்கிவிடும் சந்தை அது. இவர்களைப் பெற்றெடுத்ததே அந்த இணையம்தான் என்பதை எண்ணும்போது பாடலின் பொருள் ஆழம் பெறுகிறது. தாய்வீட்டைப் பழித்துப் பேசும் பிள்ளையின் சங்கடம் அதில் இருக்கிறது. கொங்கு மக்களின் பேச்சில் குசும்பு என்றொரு குணம் உண்டு. மரியாதை குறையாமல், முகம் சுளிக்காமல் குத்திக்காட்டும் கலை அது. முன்பு பிறரை நோக்கிப் பாய்ந்த அக்குசும்பு இங்கே ஓரளவு தன்னை நோக்கித் திரும்பியிருப்பதே இத்தொகுப்பின் முதிர்ச்சி என்பேன். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவன் மீசையை முறுக்க வேண்டியதில்லை.

தமிழ்ப் பெருமையும் இதே காலத்தில் அவர்களிடம் வேறு வடிவம் கொண்டது. தமிழ் எழுத்தின் தொன்மையை ஆராயும் 'தமிழி' என்னும் ஆவணத் தொடரை அவர்கள் உருவாக்கினர். 'தமிழன்டா' என்று முழங்குவது எளிது. பாறையில் பொறித்த எழுத்தைத் தேடிச் சென்று படிப்பவர் பேச்சைக் கேட்பதற்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமையும் முதிர்ச்சியின் அடையாளமே.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்பீடு நேர்மையாகாது. இத்தொகுப்பின் தன்னாய்வு, புகழ் பெற்ற மனிதனின் தனிமையோடு நின்றுவிடுகிறது. 'நான் அந்நியன்' என்று உணர்ந்த நெஞ்சு, 'என் ஊரில் வேறு யார் அந்நியராக்கப்பட்டிருக்கிறார்கள்' என்ற அடுத்த வினாவைக் கேட்கவில்லை. அந்த வினாவுக்கு விடை தொலைவில் இல்லை. 2020 மே மாதத்தில் திருப்பூரிலும் கோவையிலும் வேலையிழந்த வடமாநிலத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சிறப்பு இரயில்களில் ஊர் திரும்பினர். பின்னலாடைகளைத் தைத்த கைகள் மூட்டைகளைச் சுமந்து நடைமேடையில் நின்றன. அதே ஆண்டில்தான் இப்பாடல்கள் வெளிவந்தன. கொங்கின் நூற்பாலை விடுதிகளில் ஊரையும் உறவையும் பிரிந்து இளமையைக் கழிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 2015இல் கோகுல்ராஜும், 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கரும் சாதியின் பெயரால் இந்த மண்ணிலேயே கொலையுண்டனர். சொந்த ஊரில், சொந்த மொழி பேசிக்கொண்டே அந்நியராக்கப்பட்டவர்கள் இவர்கள். வேற்றுக் கோளினனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்ளும் உரிமைகூட அவர்களுக்கு இருந்ததில்லை.

இது பாடகரிடம் கேட்கத் தகாத கேள்வி என்று சிலர் கருதலாம். தன் அனுபவத்தைப் பாடுவதே அவன் கடமை, ஊர் வழக்கைத் தீர்ப்பதன்று என்பது அவர்கள் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. செய்தித்தாளைச் சந்தத்தில் அமைத்தால் பாட்டாகாது. ஆனால் தன்னுள் நோக்குவதும் ஊரை நோக்குவதும் இருவேறு செயல்கள் அல்ல என்பதற்கு அண்மையிலேயே சான்று உண்டு. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் இணைந்து வெளியிட்ட 'தெருக்குரல்' தொகுப்பும் திரைக்கு வெளியே இருவர் படைத்ததே. அங்கே 'நான்' என்று தொடங்கும் பேச்சு, பாட்டன் பாட்டியரின் வரலாற்றுக்கும் ஒடுக்கப்பட்டோரின் நிலைக்கும் இயல்பாகச் சென்று சேர்கிறது. தன் காயத்தைத் தொட்டவன் பக்கத்து வீட்டுக் காயத்தை அறிந்துகொள்கிறான். இசை நயத்தில் இரு தொகுப்புகளையும் நிறுத்துப் பார்ப்பது என் நோக்கமன்று. ஒன்று திறந்த கதவை மற்றொன்று தட்டிவிட்டு நின்றது என்பதையே சுட்டுகிறேன்.

எனவே 'நான் ஒரு ஏலியன்' தொகுப்பை நிறைவெய்திய படைப்பு என்று சொல்வதைவிட, சரியான திசையில் எடுத்துவைத்த அடி என்று சொல்வதே பொருந்தும். இன்றைய இளைஞர் பலர் ராப் வழியாகத்தான் தமிழ்ச் சந்தத்தை முதன்முதலாகச் செவியில் ஏற்கின்றனர். வகுப்பறையில் மனப்பாடச் செய்யுளாகக் கசந்த எதுகையும் மோனையும் அவர்களுக்குப் பாட்டில் இனிக்கின்றன. அப்படி இனிக்கும் மொழியில் அவர்கள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது சிறிய செய்தியன்று. பெண்ணைப் பழிக்கவும் இனப்பெருமையில் மயங்கவும் கற்கலாம். தம் நெஞ்சை நிறுத்திக் கேள்வி கேட்கவும் கற்கலாம். முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு வருவதற்கு இவ்விருவருக்கும் எட்டு ஆண்டுகள் ஆயின. அவர்களோடு வளர்ந்த ஒரு தலைமுறையும் அந்தத் தொலைவைக் கடந்திருந்தால் அது நமக்கு நல்ல செய்தி.

பெற்றோரும் ஆசிரியர்களும் இப்பாடல்களை இரைச்சல் என்று ஒதுக்காமல் ஒருமுறை பிள்ளைகளோடு அமர்ந்து கேட்பது நன்று. எந்த அடி பிடித்திருக்கிறது, ஏன் பிடித்திருக்கிறது என்று அவர்களைக் கேட்டால், பல வீடுகளில் நெடுநாளாக நின்றுபோன உரையாடல் அங்கே மீண்டும் தொடங்கக்கூடும்.