தட்டச்சுப்பொறி இருக்கும் அறை

திகில் விளையாட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எதுவுமே நடக்காத அந்த ஓர் அறைதான். 1996-இல் காப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' மாளிகையில் பிணங்கள் எழுந்து நடமாடும். தப்பித்து ஒரு கதவைத் திறந்தால் மெல்லிய இசை, சாமான் போட்டுவைக்க ஒரு பெட்டி, ஒரு பழைய தட்டச்சுப்பொறி. ஆட்டத்தைச் சேமிக்க அந்தப் பொறிக்கு மை ரிப்பன் வேண்டும். ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒன்று காலி. இப்போதே செலவழிப்பதா, இன்னும் நாலு அறை தாண்டிப் பார்ப்பதா? மாதக் கடைசியில் பர்ஸைத் திறந்து பார்க்கிற அதே கணக்கு. கிறிஸ் என்ற பாத்திரமாக ஆடினால் கையில் ஆறு பொருளுக்குத்தான் இடம். அதில் ஒன்றை ரிப்பன் பிடித்துக்கொள்வது தனிக் கொடுமை.

இரண்டாம் பாகத்தின் 2019 மறு ஆக்கத்தில் மிஸ்டர் எக்ஸ் என்ற ராட்சதன் துரத்துவான். சேமிப்பு அறைக்குள் அவன் வரமாட்டான். வெளியே பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்கும். ஆனால் கதை நடக்கும் காவல் நிலையத்தின் பெரிய கூடத்திலும் ஒரு தட்டச்சுப்பொறி உண்டு. அங்கே நம்பி நின்றால், சாவகாசமாக உள்ளே வருவான். அந்தத் துரோகத்தை ரசித்தேன்.

பிடிக்காதவையும் உண்டு. நான்காம் பாகத்தில் ஆஷ்லி என்ற பெண்ணைக் காப்பாற்றிக் கூட்டிப்போகும் வேலையைப் பலர் திட்டுவார்கள். எனக்கு அதுகூடப் பரவாயில்லை, ஒளிந்துகொள் என்றால் ஒளிந்துகொள்வாள். பொறுக்கவே முடியாதது, பெரிய சண்டைக்கு முன்னால் தாண்ட முடியாத காட்சி. 2002-இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டு இதில் மகா பாவி. தோற்கும்போதெல்லாம் எதிரி அதே வசனத்தை அதே நிதானத்தோடு பேசுவான். போகப்போக அவனைவிட வசனம் எழுதியவர்மேல்தான் ஆத்திரம் வரும்.